பைப் கேஸ் வருது, கேள்வி கேட்டு வாங்குங்க

நான் வீடுகளுக்கு பைப்ல கேஸ் குடுக்குற கம்பெனியில பாதுகாப்பு பிரிவுல வேலை பாக்கேன், சொந்த ஊரு பாளையங்கோட்டை. நம்ம திருநெல்வேலி பக்கம் இந்த பைப் கேஸ் புதுசு. எண்ணூர்ல எல்என்ஜி, அதாவது குளிர வச்சி திரவமாக்குன இயற்கை எரிவாயு, கப்பல்ல வந்து இறங்குற முனையம் 2019ல தொறந்தாங்க, எண்ணூர்-தூத்துக்குடி குழாய்த் திட்டத்துல ராமநாதபுரம் - தூத்துக்குடி 143 கிலோமீட்டர் பகுதிய 2021 பிப்ரவரில தொடங்கி வச்சாங்க, அதுக்கப்புறம்தான் தென்மாவட்டத்துல பைப் கேஸ்ங்கிற பேச்சே சூடு பிடிச்சுது. தெருவத் தோண்டி சுருள் சுருளா பிளாஸ்டிக் பைப்ப இறக்கும்போது "இது என்னத்துக்குடே, வெடிச்சிராதா"ன்னு கேக்குற ஆச்சிமாருக்கு யாராவது நின்னு நிதானமா பதில் சொல்லணும்ல, அந்த பதில் சொல்லுற வேலையத்தான் நான் கம்பெனியோட முதல் சேவைன்னு நினைக்கேன்.

ஏன் இத சொல்லுதேன்னா, கம்பெனி சேவைன்னு சொன்னதும் எல்லாருக்கும் மேடை, பேனரு, தையல் மெஷின், ஸ்கூல் பேக்குதான் ஞாபகம் வரும். அதெல்லாம் வேண்டியதுதான், நான் குறை சொல்லல. 2013 கம்பெனிச் சட்டத்துல 135வது பிரிவு இருக்கு, பெரிய கம்பெனிங்க கடைசி மூணு வருஷத்து சராசரி லாபத்துல 2 சதவீதத்த சமூகத்துக்கு செலவழிக்கணும், அதத்தான் சிஎஸ்ஆர்னு சொல்லுதாங்க. ஆனா அதே சட்டத்து விதியில இன்னொன்னும் இருக்கு, கம்பெனி தன்னோட வழக்கமான தொழிலுக்காக செய்யுற வேலைய சிஎஸ்ஆர் கணக்குல காட்டக் கூடாது. அப்போ கேஸ் வாங்குற வீட்டுக்கு வால்வ எப்படி மூடணும்னு சொல்லிக் குடுக்கது தர்மம் இல்ல, அது கம்பெனியோட கடமை, உங்களோட உரிமை. தாராளமா கேட்டு வாங்குங்க.

இனி விஷயத்துக்கு வாரேன். நம்ம ஜனங்களுக்கு சிலிண்டர் நல்லாத் தெரியும், கேஸ் லீக்குன்னா கதவத் தொறந்து போடணும், தரையில நிக்கும்னு தெரியும். அது எல்பிஜி, காத்த விட கனம், கீழ படுத்துக்கிடும். பைப்ல வாரது மீத்தேன், காத்த விட லேசு, அது மேல ஏறும். அதனால அடுக்களையில மேல வெண்டிலேட்டர் தொறந்து இருக்கணும். இங்கதான் பிரச்சனையே. பழைய வீட்டுல அணில் வருது புறா வருதுன்னு அட்டைய வச்சி அடைச்சிருப்பாவ, புது வீட்டுல மாடுலர் கிச்சன் அழகுக்கு பிளைவுட் போட்டு மூடியிருப்பாவ. லீக் காட்டுற டிடெக்டர் மாட்டுனாலும் இதே கணக்குதான், பைப் கேஸ் வீட்டுல கூரைக்கிட்ட மாட்டணும், சிலிண்டர் வீட்டுல தரைக்கிட்ட. வாங்கிட்டு வந்து ஏதோ ஒரு சுவத்துல மாட்டிட்டா அது சும்மா அலங்காரந்தான்.

ஒரு தடவ கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ஒரு வீட்டுக்கு கேஸ் விடப் போனோம். எங்க டெக்னீசியன் ஒரு சின்னப் பையன், கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறவன். மீட்டர் மாட்டி, கண்ணாடிக் குழாய்ல தண்ணி வச்ச கேஜ்ல பிரஷர் நிக்குதான்னு பாத்து, ஒவ்வொரு ஜாயிண்ட்டுலயும் சோப்புத் தண்ணி தடவி நுரைமுட்டை வருதான்னு குனிஞ்சி குனிஞ்சி பாத்தான், ஒண்ணும் இல்ல. அப்புறம் நிமிந்து மேல பாத்தான், வெண்டிலேட்டர் இருந்த இடத்துல பளபளன்னு பிளைவுட் அலமாரி. "அண்ணாச்சி, மேல காத்து போக வழியில்ல, இப்ப நான் கேஸ் விட மாட்டேன்"ன்னுட்டான். வீட்டுக்காரர் கொதிச்சிட்டாரு, "நாளைக்கு பால் காய்ச்சணும், சொந்தக்காரங்க அம்புட்டு பேரும் வாராவ, இப்ப வந்து முடியாதுங்கியே"ன்னு சத்தம் போட்டு நேரா எங்க மேனேஜருக்கு போன போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுது. அவரு சொன்னது இவ்வளவுதான்: "அவன் முடியாதுன்னா முடியாதுதான் அண்ணாச்சி, நான் நேர்ல வந்தாலும் அதேதான் சொல்லுவேன்." மறுநாள் பால் சிலிண்டர் அடுப்புலதான் காய்ச்சுனாவ. அப்புறம் ஆசாரிய வச்சி அலமாரிய வெட்டி வழி விட்டதும் அதே பையனே போயி கேஸ் விட்டான், அந்த வீட்டு அம்மா அவனுக்கு காபி போட்டுக் குடுத்தாவ.

என்னையக் கேட்டா கேஸ் கம்பெனியில தலைமைங்கிறது அந்த ஒரு போன் காலுல இருக்கு. இந்தத் தொழில்ல மாசம் இத்தனை கனெக்ஷன் குடுக்கணும்னு டார்கெட் இருக்கத்தான் செய்யும், எல்லா கம்பெனிக்கும் உண்டு. அந்த டார்கெட்டுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவுல மேலதிகாரி யாரு பக்கம் நிக்காருங்கிறதுதான் கேள்வி. மேல உள்ளவங்க ஒரு தடவ "சரி சரி, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் விட்ரு"ன்னு சொல்லிட்டா போதும், அப்புறம் எந்த டெக்னீசியனும் வாயத் தொறக்க மாட்டான். வேலைய நிப்பாட்டுற அதிகாரம் கடைசி ஆளுக்கும் இருக்கணும், நிப்பாட்டுனதுக்காக அவன் கூலிய பிடிக்கக் கூடாது. ரொம்ப இடத்துல கனெக்ஷன் எண்ணிக்கைக்குத்தான் காசுன்னு ஆகும்போது இது அடிபட்டுப் போகுது, எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வீட்டுக்குள்ள வாரது 21 மில்லிபார் அழுத்தந்தான், ஒரு சாண் உசரத் தண்ணி குடுக்குற அழுத்தம், அதப் பாத்து பயப்பட வேண்டியதில்ல. தெருவுக்கு அடியில போற பிளாஸ்டிக் பைப்புல 4 பார் வரைக்கும் இருக்கும் (ஒரு பார்னா ஆயிரம் மில்லிபார்), அது வேற கதை. மெயின் லைன் ஒரு மீட்டர் ஆழத்துல போகும், மேல எச்சரிக்கை ஷீட்டு விரிச்சிருப்பாங்க, ஆனா அதுல இருந்து வீட்டுக்குப் பிரியுற சின்ன லைன் வீட்டுச் சுவத்துக்கிட்ட வந்து மேல ஏறும். நம்ம ஊருல அம்மன் கோயில் கொடைன்னா பந்தக்கால், சீரியல் லைட்டு கம்பம்னு தெரு முழுக்க கடப்பாரை இறங்கும், குடிதண்ணி லைன் உடைஞ்சா ஜேசிபி வந்துரும். கொடைக்கு முன்னாடி கமிட்டிக்காரங்களப் போயிப் பாத்து, எங்கன குழி போடலாம் எங்கன கூடாதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்துட்டு வாரது எங்க லைன் பாக்குற ஆளுங்க செய்யுற வேலை, இதுக்கு போட்டோவும் கிடையாது பேனரும் கிடையாது. தோண்டுறவங்களுக்குன்னே 2023 மார்ச்சுல மத்திய அரசு "கால் பிஃபோர் யூ டிக்"னு ஒரு ஆப் விட்டிருக்கு, தோண்டுறதுக்கு முன்னாடி அதுல சொன்னா அந்த இடத்துல லைன் வச்சிருக்க கம்பெனிக்கு தகவல் போயிரும். ஜேசிபி வச்சிருக்கவங்க, போர்வெல் போடுறவங்க தயவுசெஞ்சு போன்ல ஏத்தி வச்சிக்கோங்க.

இன்னொன்னு, நம்ம வீட்டுலதான் கனெக்ஷன் இல்லையேன்னு இருந்துராதீங்க. மண்ணுக்குள்ள லீக் ஆன கேஸ் சாக்கடை, கேபிள் குழாய்னு வழி கெடச்ச பக்கம் போயி கனெக்ஷனே இல்லாத வீட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்கும். அழுகுன முட்டை மாதிரி நாத்தம் வரணும்னுதான் கேஸ்ல மெர்காப்டன் கலக்குறோம். சாக்கடைப் பக்கம் அப்படி நாத்தம் வந்தா முனிசிபாலிட்டி வேலைன்னு மூக்கப் பிடிச்சிக்கிட்டு போகாம ஒரு போன் போடுங்க. காத்துல மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்து நிக்கும்போதுதான் தீப்பிடிக்கும், அந்த அளவுக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே மூக்குக்கு தெரிஞ்சிரும். ஆனா கொரோனாவுக்கு அப்புறம் சில பேருக்கு வாசனையே தெரிய மாட்டேங்குது, வயசானவங்களுக்கும் குறையும், அப்படி யாராவது தனியா இருக்க வீட்டுல டிடெக்டர் கட்டாயம் மாட்டுங்க.

வால்வு சொல்லிக் குடுக்கும்போது நான் கையப் பிடிச்சி தொட்டுப் பாக்கச் சொல்லுவேன். கைப்பிடி பைப்பு போற திசையிலேயே நீளவாக்குல இருந்தா தொறந்திருக்கு, குறுக்க நின்னா மூடியிருக்கு, அவ்வளவுதான், கரண்ட் இல்லாத ராத்திரியிலயும் கண்ணு தெரியாதவங்களுக்கும் இது போதும். பாளையங்கோட்டையில கண் தெரியாத பிள்ளைங்க, காது கேளாத பிள்ளைங்க படிக்க தனித்தனி பள்ளிக்கூடம் இருக்க ஊரு, இங்க வெறும் நோட்டீஸ் அடிச்சிக் குடுத்துட்டு விழிப்புணர்வு முடிஞ்சுதுன்னு சொல்லுறது சரியில்ல.

வெள்ளத்தையும் சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள்ள வந்தத யாரும் மறக்கல. 14.2 கிலோ சிலிண்டர் நெறஞ்சிருந்தாலும் தண்ணியில மிதக்கும், மிதந்தா ஹோஸ இழுக்கும், அதனால தண்ணி ஏறும்னு தெரிஞ்சா ரெகுலேட்டர கழட்டி மூடிய மாட்டி உசரத்துல வைங்க. பைப் கேஸ்னா வெளிய இருக்க வால்வ மூடுங்க, ரெகுலேட்டருக்குள்ள தண்ணி போனா பிரஷர் தாறுமாறாகும், வடிஞ்சதும் கம்பெனி ஆள் வந்து பாக்காம நீங்களா தொறக்காதீங்க. அந்த நேரத்துல வீடு வீடா வந்து பாக்க கம்பெனியில ஆள் இருக்கா, திட்டம் இருக்கா, வருஷா வருஷம் ஒத்திகை நடக்குதான்னு கேளுங்க. அவசரகாலத் திட்டம் வச்சிருக்கணும், ஒத்திகை பாக்கணும்னு 2010ல இருந்தே பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தோட விதி இருக்கு.

கனெக்ஷனுக்கு ஆள் வந்தா கார்டு பாருங்க, சிலிண்டர்ல ஓட்டுன பழைய அடுப்பா இருந்தா பைப் கேஸுக்கு ஏத்த மாதிரி பர்னர் நாசில (கேஸ் வாற சின்ன ஓட்டை) மாத்துனாங்களான்னு பாருங்க, சோப்புத் தண்ணி டெஸ்ட் உங்க கண்ணு முன்னால நடக்கட்டும், ரப்பர் ஹோஸ்ல ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாத்து அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டாதீங்க, வால்வ வீட்டுல உள்ள எல்லாரும் ஒரு தடவ மூடித் தொறந்து பாத்த பொறவு கையெழுத்து போடுங்க. நாத்தம் வந்தா சுவிட்ச போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், சாமி விளக்கு எரிஞ்சா அணைங்க, வால்வ மூடுங்க, ஜன்னலத் தொறங்க, எல்லாரும் வெளிய வந்து நின்னு அப்புறமா போன் போடுங்க. சிலிண்டர் லீக்குக்கு 1906, எந்நேரமும் எடுப்பாங்க, தீன்னா 101. பைப் கேஸ் கம்பெனியோட அவசர நம்பர் மீட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கும், அத இன்னைக்கே போன்ல சேவ் பண்ணிட்டு பக்கத்து வீட்டு மதினிக்கும் குடுங்க.