வீட்டின் வயதை முகப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

பழைய கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில். வீட்டைப் பழுது பார்க்க வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்வார்கள். மரத்தூண் இருந்தால் 'செட்டிநாட்டு வீடு', வளைவு இருந்தால் 'வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்'. நம் ஊர்களில் இந்த இரண்டிலும் அடங்காத வீடுகள்தான் அதிகம். பெயர் தப்பாகப் போனால் பரவாயில்லை. ஆனால் காலத்தைத் தப்பாகக் கணித்தால் வேலையும் தப்பாகிவிடுகிறது. நூறு வருஷம் நின்ற சுண்ணாம்புச் சுவர் சிமென்ட் பூசிய சில வருஷங்களில் உதிர ஆரம்பிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

தெருவைப் பார்த்த பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் அடிக்கடி மாற்றப்படுவதும் அந்தப் பக்கம்தான். கல்யாணம் வந்தால், கையில் காசு வந்தால் முதலில் முகப்பை இடித்துக் கட்டுவார்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு வீடு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சுதையில் 1948 என்று எழுதியிருந்தது. படிப்படியாக உயர்ந்து நடுவில் முடியும் கைப்பிடிச் சுவர், ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி வளைந்து மூலையைத் தாண்டியும் ஓடும் சன்ஷேடு, பக்கம் பக்கமாக மூன்று கோடுகள், கிரில்லில் சூரியக் கதிர். இது ஆர்ட் டெகோ பாணி. 1925-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியை ஒட்டிப் பெயர் பெற்ற இந்தப் பாணி பம்பாயில் மரைன் டிரைவ் முழுக்கப் பரவியது. அங்குள்ள ஆர்ட் டெகோ வரிசைக்கு 2018-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. சென்னையில் பாரிமுனை டேர் ஹவுஸ் இதே பாணிதான். பட்டணத்தில் பார்த்ததை நம் கொத்தனார்கள் சின்ன ஊர்களிலும் கட்டினார்கள், அதுவும் மிக அழகாக.

வீட்டுக்காரர் மொத்த வீடும் 1948 என்றே நினைத்திருந்தார். பழுது பார்க்க வந்த பொறியாளரும் அதை வைத்தே சிமென்ட் வேலைக்கு மதிப்பீடு போட்டிருந்தார். ரேழியைத் தாண்டி உள்ளே போனால் கதை வேறு. முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், கீழே கல், மேலே செதுக்கிய போதிகை, தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு. முன்சுவர் பக்கச்சுவரைத் தொடும் இடத்தில் பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தோம். தரையிலிருந்து மேல் வரை நேர்கோட்டில் ஒரு இணைப்பு தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் இன்றைய அளவுச் செங்கல், அந்தப் பக்கம் தட்டையான மெல்லிய செங்கல். 1948-ல் கட்டியது முன்னால் இருக்கும் ஒரு அறை ஆழம் மட்டும்தான். மற்றதெல்லாம் அதற்கு வெகுகாலம் முந்தியது, முழுக்கச் சுண்ணாம்புக் கட்டு.

அதனால் நான் முதலில் கூரையைப் பார்க்கச் சொல்வேன். கூரையை அலங்காரத்துக்காக யாரும் மாற்றுவதில்லை. குழிவான நாட்டு ஓடு உள்ளூர்ச் சூளையில் வெந்தது, அதை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. சீமை ஓடு, அதாவது ஆலையில் அச்சில் வார்த்த மங்களூர் ஓடு, அப்படியில்லை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும், சிலவற்றில் வருஷமும் இருக்கும். அந்தக் கூரை 1865-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பே இல்லை. சுவர் முந்தியதாக இருக்கலாம்.

மச்சு வீடானால் அறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாகத் தேக்கு உத்திரக் கட்டைகள், இடையில் சாய்வாகக் குத்தவைத்து அடுக்கிய சின்னச் செங்கல் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மரக்கட்டைக்குப் பதில் இரும்பு கர்டர், நடுவில் செங்கல் வளைவு என்றால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்திய காலம். கர்டரின் பக்கவாட்டைச் சுரண்டினால் டோர்மன் லாங் போன்ற இங்கிலாந்து ஆலைகளின் பெயர் சில நேரம் தெரியும்.

'வெள்ளைக்காரன் காலம்' என்ற பெயருக்குள் எத்தனை பாணி இருக்கிறது என்பதைச் சென்னையிலேயே பார்க்கலாம். 1821-ல் திறந்த எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தில் கிரேக்க, ரோமானியத் தூண்களும் வட்டக் கூடமும். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1870-களில் கட்டிய செனட் ஹவுஸ், 1892-ல் முடிந்த உயர்நீதிமன்றம் இரண்டும் இந்தோ சரசெனிக், அதாவது இந்திய, இஸ்லாமிய வேலைப்பாட்டை ஐரோப்பிய முறையோடு கலந்த பாணி. கும்மட்டம், பல இதழ் வளைவு, செங்கல்லும் கல்லும் கலந்த வேலை. ரிப்பன் மாளிகையையும் பலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். 1913-ல் வந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குச் செவ்வியல் பாணிதான் அடிப்படை.

செட்டிநாடு என்ற பெயரும் பழையது என்பதற்கு மறுபெயர் கிடையாது. முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடியும் நீள அமைப்பு, பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்ப்பூச்சு எல்லாம் சேர்ந்தால்தான் அந்த வீடு. சுவரில் பூப்போட்ட ஜப்பான் பீங்கான் ஓடு இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டு வேலை. 1930-களுக்குப் பிறகு வந்த சில வீடுகளில் ஆர்ட் டெகோ முகப்பே உண்டு. அவற்றைப் 'பழைய பாணிக்கு' மாற்றித் தாருங்கள் என்று யாராவது கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதுவே அந்த வீட்டின் அசல்.

சரி, காலம் தெரிந்து என்ன செய்வது? சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைப் பூச்சு வழியாகவே வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமென்டோ எமல்ஷன் பெயின்டோ வந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. நெஞ்சு உயரத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்வது அதனால்தான். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தேங்கினால் மரம் உளுத்துவிடும். மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போடுவது இன்னும் ஆபத்து. ஏற்கெனவே நலிந்த உத்திரத்தின் மேல் அத்தனை பாரம் ஏறுகிறது, ஒழுக்கும் நிற்பதில்லை. அங்கே தட்டோட்டை எடுத்து, ஒழுகும் பகுதியை மட்டும் சுண்ணாம்பில் திருத்தி, உத்திர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்து, உளுத்ததை மாற்றினால் போதும்.

எது சுண்ணாம்பு என்று தெரியவில்லையா? கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் செங்கல் இணைப்பைச் சாவியால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாவி வழுக்கினால் சிமென்ட். இதை வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாருங்கள். மாற்றம் தெரியும் இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொத்தனாரிடம் கூலி பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள்? குறைந்தது இரண்டு வாரம் என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். காலையில் கலந்து மதியம் பூசிவிடலாம் என்பவரிடம் உங்கள் வீட்டைக் கொடுக்காதீர்கள்.