ஷவர் வால்வு ஒழுகுகிறதா? உளியை எடுக்கும் முன்

ஷவர் வால்வு ஒழுகுகிறது என்று பிளம்பரான என்னைக் கூப்பிடுகிறவர்கள் அடுத்த மூச்சிலேயே, "டைல்ஸை உடைக்கணுமா?" என்று கேட்டுவிடுவார்கள். பயம் நியாயம்தான். சென்னையில் மேற்கு மாம்பலம், புரசைவாக்கம் பக்கம் 1980, 90-களில் கட்டிய வீடுகளில் பதித்த டைல்ஸுக்கு இன்று ஜோடி கிடைக்காது. நாலு உடைந்தால் சுவர் முழுக்க மாற்ற வேண்டி வரும். ஆனால், வால்வின் உடம்புதான் சுவருக்குள் இருக்கிறது. தேய்ந்துபோகிற பாகங்கள் எல்லாம் முன்பக்கமாகவே கழன்று வரும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமலே உளியை எடுக்கிற பிளம்பரை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

மூடிய பிறகும் ஷவரிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் (தண்ணீரை அடைக்கும் ரப்பர் வில்லை) தேய்ந்திருக்கிறது, அல்லது அது போய் உட்காரும் பித்தளை விளிம்பு அரித்திருக்கிறது. குளித்து முடித்த ஐந்து பத்து நிமிஷம் சொட்டுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஷவரிலும் மேலே ஏறும் குழாயிலும் நின்ற தண்ணீர் வடிவது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றி ஒழுகினால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போயிருக்கிறது. பழைய மாடலாக இருந்தால் கிளாண்டில் (கைப்பிடித் தண்டைச் சுற்றி இறுக்கும் நட்டில்) சுற்றிய நூல் தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் சுவரைத் தொட வேண்டாம்.

தொல்லை மூன்றாவது வகையில்தான். கைப்பிடி காய்ந்திருக்கும், ஷவர் சொட்டாது, சுவரின் மறுபக்கம் படுக்கையறையில் ஓதம் ஏறி பெயின்ட் உரியும். இங்கே ஒரு கேள்வி கேட்பேன்: வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தபோது ஈரம் குறைந்ததா? குறைந்திருந்தால் வால்வுக்கு மேலே ஷவருக்குப் போகும் குழாயிலோ டைல்ஸ் இடுக்கிலோ கசிவு. குளிக்கும்போது மட்டும்தான் அங்கே தண்ணீர் வருகிறது. ஆள் இல்லாத நாட்களிலும் பரவியிருந்தால், எப்போதும் தண்ணீர் நிற்கிற பக்கத்தில், வால்வுக்கு வரும் குழாயிலோ அதன் மரையிலோ (திருகி இணைக்கும் இடம்) கோளாறு. இப்படிச் சுவருக்குள் குழாயோ மரையோ ஒழுகினால் கொத்தனார் வேலை உண்டு.

"லேசாத்தான் சொட்டுது" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஏறக்குறைய 4,000 சொட்டு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 20 லிட்டருக்கு மேல் போகிறது. வெந்நீர்ப் பக்கம் ஒழுகினால் கரண்ட்டும் சேர்ந்து போகும். எந்தப் பக்கம் என்று தெரிய, கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம்தான்.

ஒழுகினால் எல்லோரும் செய்கிற முதல் காரியம் இறுக்குவது. அதுதான் வால்வைக் கெடுக்கிறது. ஒரு பெரியவர் வீட்டில் கைப்பிடியிலேயே பைப் ரெஞ்ச்சை மாட்டி வைத்திருந்தார். தினமும் குளித்துவிட்டு அதைப் போட்டுத்தான் மூடுவாராம். கழற்றிப் பார்த்தால் வாஷரில் ரப்பரே இல்லை. அதைப் பிடித்திருந்த திருகு மட்டும் பித்தளையோடு பித்தளையாக உரசி, விளிம்பில் நகம் சிக்குகிற அளவு ஒரு பள்ளம் போட்டிருந்தது. "வாஷர் மாத்தினா போதும்னு சொன்னீங்களே தம்பி" என்றார். பள்ளம் விழுந்த இடத்தில் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. சீட் கட்டரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி விளிம்பைச் சமமாக்கிய பிறகுதான் புது வாஷர் பிடித்தது. அந்தக் கருவி இல்லாத பிளம்பர் முழு வால்வையும் மாற்றச் சொல்வார். சொன்னால், கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும் பிரஷர் பம்பு. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். ஒன்றிரண்டு மாடி வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளத்துக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். அதற்குப் பழகிய வாஷர் மேல் திடீரென்று இரண்டு பார் ஏற்றினால், பம்பு மாட்டிய வாரமே ஒழுகத் தொடங்கலாம். பம்பைத் திட்டிப் பயனில்லை.

சரி, நீங்களே கழற்றுவதாக இருந்தால், கீசரை அணைத்துவிட்டு, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை அடைக்கும் மொட்டை மாடி கேட் வால்வை மூடுங்கள். கீழே உள்ள குழாயைத் திறந்து தண்ணீர் முழுக்க வடிகிறதா என்று பாருங்கள். பழைய கேட் வால்வு முழுசாக மூடாது; நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் தொட்டியைக் காலி செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். தரைச் சல்லடை மேல் ஒரு துணியைப் போடுங்கள். கைப்பிடித் திருகு சரியாக அந்த ஓட்டையில்தான் விழும். கைப்பிடியையும் ஃபிளேஞ்சையும் (சுவரை ஒட்டிய வட்டத் தகடு) எடுத்தபின், ஸ்பிண்டிலை (கைப்பிடி சுற்றும், நுனியில் வாஷர் உள்ள தண்டு) பாதி திறந்த நிலையில் வைத்துக் கழற்றுங்கள். மூடிய நிலையில் திருகினால் வாஷர் விளிம்பில் நசுங்கிக்கொண்டே வரும். அசையவில்லையா? துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். அப்போதும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருப்பினால் சுவருக்குள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் மரை முறியும். சின்ன வேலை கொத்தனார் வேலையாகிவிடும்.

பழைய ஸ்பிண்டிலைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். "அரை இஞ்ச்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது தருவார். நீளமும் மரையும் கைப்பிடி மாட்டும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதிதை மாட்டும் முன், ஸ்பிண்டில் கழற்றிய ஓட்டை வழியாகவே தண்ணீரை ஒரு நிமிஷம் பீய்ச்ச விடுங்கள். கேட் வால்வை மூடித் திறந்ததில் உதிர்ந்த துரு எல்லாம் செம்மண் கலரில் வெளியே வரும். இதைச் செய்யாமல் அரைச்சுற்றில் திறக்கும், ரப்பர் வாஷருக்குப் பதில் செராமிக் தட்டு உள்ள வகையைப் போட்டால், ஒரு துருத்துகள் போதும், தட்டில் கீறல் விழுந்து மறுபடி சொட்டும். ஜி.ஐ. குழாயும் போர் தண்ணீரும் உள்ள வீட்டுக்குப் பழைய ரப்பர் வாஷர் வகையே மேல் என்பது என் கட்சி. டெஃப்லான் டேப்பை மரையில் மட்டும் சுற்றுங்கள், ஓ-ரிங் மேல் வேண்டாம். வெளியே எம்-சீல் (இறுகிக் கெட்டியாகும் பசை) அப்புவதால் ஒழுகல் நிற்காது, அடுத்து கழற்றுகிறவருக்குத்தான் வேலை கூடும்.

ஸ்பிண்டில் வெளியே வந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாக, சொரசொரப்பாக இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது. அந்த வால்வைக் காப்பாற்ற முடியாது. உடம்போடு மாற்றத்தான் வேண்டும். அப்படி உடைப்பது முடிவானால் அந்தச் சுவரில் உள்ள ஜி.ஐ. குழாயையும் சேர்த்து சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயாக மாற்றிவிடுவது நல்லது.

அதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாயை எடுத்து பிளாஸ்டிக் போட்டதும் கீசருக்கு எர்த் இல்லாமல் போகும். ஷவர் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிற வீட்டிலோ, மெயினை அணைத்துவிட்டு அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். பிளம்பர் அப்புறம்.