வட ஆற்காட்டுக்கு எங்கே புள்ளி வைப்பது?

சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அதில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயதோடு ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அந்த மூன்றையும் வம்சாவளி மென்பொருளில் தட்டி வரைபடத்தில் காட்டச் சொன்னால் ஏதோ ஒரு இடத்தில் புள்ளி விழுந்துவிடும். அது எப்படி அங்கே விழுந்தது என்று தெரியாமல் நம்பிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

‘ஜில்லா வட ஆற்காடு, தாணா குடியாத்தம்’ என்று பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வட ஆற்காடு என்ற மாவட்டம் இன்று கிடையாது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானது; அது இப்போது ஆந்திராவில் இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சியது வேலூர் மாவட்டமாகி, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதிலிருந்து போயின. 1890-ல் திருப்பதியும் வந்தவாசியும் ஒரே ஜில்லா! மென்பொருளோ ஊர்ப் பெயரை நாமினேட்டிம் போன்ற, ஊர்ப் பெயருக்கு வரைபட இடம் தேடித் தரும் இணையச் சேவைக்கு அனுப்பி, அது தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை வாங்கிக்கொள்கிறது. அந்தச் சேவைக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் இன்றைய வரைபடமும் இன்றைய பெயரும்தான். ‘வட ஆற்காடு’ என்று மட்டும் கேட்டால் ஆற்காடு ஊரையே அது நீட்டினாலும் ஆச்சரியமில்லை. புதூர், நல்லூர் மாதிரிப் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். தானாக வந்த முதல் விடையை ஏற்காமல், தாலுகாவையும் சேர்த்துத் தேடி, பக்கத்து ஊர்களைப் பார்த்து உறுதி செய்த பிறகே சேமிக்க வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்ய கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருள் நல்ல கருவி. இலவசம், திறந்த மூலம். இதில் இடம் என்பது காற்புள்ளி போட்டு எழுதும் ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பதிவு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். குடியாத்தத்துக்கு ஒரு பதிவு போட்டு, அது எந்த இடத்துக்குள் அடங்கியது என்ற பகுதியில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: 1989 வரை வட ஆற்காடு, அதன் பிறகு இன்றைய வேலூர். இரண்டுக்கும் காலவரை கொடுப்பது முக்கியம். கொடுத்துவிட்டால் 1885-ல் நடந்த பிறப்புக்கு ‘குடியாத்தம், வட ஆற்காடு, சென்னை மாகாணம்’ என்றும், 2005-ல் நடந்த கல்யாணத்துக்கு ‘குடியாத்தம், வேலூர், தமிழ்நாடு’ என்றும் நிகழ்ச்சியின் தேதியைப் பார்த்து மென்பொருளே எழுதிக்கொள்ளும். புள்ளி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டலை மாற்றுப் பெயர்ப் பகுதியில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேறொரு பட்டியலில் அதே கூட்டல் வரும்போது உதவும்.

எண்களில் வரும் பிழைகள் தனி ரகம். குடியாத்தம் ஏறக்குறைய வடக்கு 12 பாகை 57 நிமிடம், கிழக்கு 78 பாகை 52 நிமிடத்தில் இருக்கிறது. நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் தசமத்தில் 12.95, 78.87 வரும். வகுக்காமல் 12.57, 78.52 என்று அடித்தால் புள்ளி ஜோலார்பேட்டைப் பக்கம் போய் விழும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தப்பு, ஆனாலும் பார்க்கச் சரியாகவே இருக்கும். இருப்பதிலேயே கெட்ட பிழை இதுதான். இரண்டு எண்களையும் இடம் மாற்றினால் புள்ளி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுக்குப் போய்விடும், நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்துக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி. டர்பனுக்கு மைனஸ் 29.86, 31.02 என்று கொடுக்க வேண்டும். மைனஸ் விட்டுப்போனால் எகிப்தில், கிசா பிரமிடுகளுக்குக் கொஞ்சம் தெற்கே. காலிக் கட்டத்தை ஏதாவது நிரல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் ஆப்பிரிக்காவின் மேற்கே அட்லாண்டிக் கடலில். இந்த மூன்றும் கண்ணில் பட்டுவிடும் என்பதால் பயமில்லை.

எத்தனை தசம இலக்கம் வேண்டும்? இரண்டு இலக்கம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் துல்லியம், நான்கு என்றால் 11 மீட்டர். கிராமப் பெயர் மட்டும் தெரிந்தவருக்கு இரண்டு போதும். ஜூம் செய்தால் தெருவே தெரிகிறதே என்று மயங்க வேண்டாம். தெருவைக் காட்டுவது பின்னணிப் படம். அது 256 பிக்சல் சதுரத் துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு ஜூம் படிக்கும் துண்டுகள் நான்கு மடங்காகி, 12-ஆம் படியில் உலகம் 1 கோடியே 67 லட்சம் துண்டுகளாகிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் நீங்கள் வைத்த புள்ளியின் துல்லியம் கூடாது.

ஒருவரின் நிகழ்ச்சிகளைத் தேதி வரிசைப்படி கோட்டால் இணைத்துக் காட்டும் வசதியும் உண்டு. பிறப்பு குடியாத்தம், இறப்பு டர்பன் என்று இரண்டே நிகழ்ச்சி இருந்தால் கோடு கேரளக் கரை வழியாக அரபிக் கடலில் இறங்கும். ஆள் கப்பலேறியதோ கிழக்கே, சென்னையில். ஆகவே கப்பலேறியதைத் தேதியோடு தனி நிகழ்ச்சியாகச் சேர்த்து, அதற்குச் சென்னைத் துறைமுகத்தை இடமாகக் கொடுங்கள். டர்பனில் இறங்கியது இன்னொரு நிகழ்ச்சி.

கிராமமே இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் அமெரிக்க ராணுவ வரைபடத் துறையின் யூ502 தொடரைப் பார்க்கலாம். அளவு 1:250,000, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் கிடைக்கிறது. அதையும்விடப் பழைய இந்திய சர்வே தாள்களில் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. சென்னை வானாய்வகத்துக்கு அன்று கணித்த தீர்க்கரேகையை அவை அடிப்படையாகக் கொண்டவை. அந்தக் கணக்கு சுமார் இரண்டரை நிமிடம் கிழக்கே பிசகியிருந்தது. நம் ஊர்ப் பக்கம் அது நாலரை கிலோமீட்டர். பக்கத்தில் இன்றும் மாறாமல் இருக்கும் கோவிலையோ ஏரியையோ வைத்து ஒப்பிட்டு நகர்த்துவதே நல்லது.

வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது, வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் கோப்பின் பதிப்பைப் பாருங்கள். 5.5-ல் அட்சரேகைக்கு இடமே கிடையாது, 5.5.1-ல்தான் வந்தது. அதிலும் காலவரையோடு கட்டிய மாவட்ட அடுக்கு ஒரே வரியாகத் தட்டையாகிவிடும் என்பதால், கிராம்ப்ஸின் சொந்த எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு பிரதியைக் கையோடு எடுத்து வையுங்கள். ஜில்லா மட்டுமே தெரிந்து கிராமம் தெரியாதவர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களைக் காலியாகவே விடலாம். மாவட்டத்தின் நடுவில் புள்ளி வைத்தால் அடுத்துப் பார்ப்பவர் அதையே பூர்வீக ஊர் என்று எடுத்துக்கொள்வார்.