தவில் தீர்மானமும் பேரனோட டிராப்பும்: பாட்டு நல்லா இருக்குன்னா உள்ள என்ன நடக்குது?

தேவகோட்டையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "நான் கேக்கறது பாட்டே இல்லைங்கறாக எங்க ஐயா, அவுக கேக்கறத கேட்டா எனக்குத் தூக்கம் வருது, இதுல யாரு சொல்றது சரி, நல்ல பாட்டுன்னு சொல்ல அறிவியல்ல அளவுகோல் ஏதாச்சும் இருக்கா?"

ரசனைச் சண்டை நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல. கானாடுகாத்தான்ல பொறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943ல சென்னையில தமிழிசைச் சங்கம் ஆரம்பிச்ச காலத்துல, கச்சேரியில எந்த மொழிப் பாட்டு பாடணும்னு பெரிய பெரிய ஆளுங்களே ரெண்டு பக்கமா நின்னு சண்டை போட்டாங்க. ஆனா தம்பி கேக்கறது மொழியப் பத்தி இல்ல, ஒரே சத்தம் ஒருத்தருக்கு ஏன் தேனா இருக்கு இன்னொருத்தருக்கு ஏன் இரைச்சலா இருக்குங்கறதப் பத்தி. அதுக்கு நான் கண்ணால பாத்த ஒரு விஷயத்துலேர்ந்து வரேன்.

போன தை மாசம் காரைக்குடி பக்கத்துல சொந்தத்துல ஒரு கல்யாணம். முகப்புல மேளம் நடக்குது, ஒரு ஐயா தேக்குத் தூண்ல சாஞ்சு ஆத்தங்குடி கல்லுல காலை நீட்டி உக்காந்து தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருக்காக, பக்கத்துல அவுக பேரன், ப்ளஸ் ஒன் படிக்கிறான், கழுத்துல ஹெட்போன். தவில்காரர் ஒரு தீர்மானம் வச்சாரு, அதாவது ஒரே சொற்கட்ட மூணு தடவ வாசிச்சு முடிக்கறது. அது முடிஞ்சு சமத்துல, அதாவது தாளச் சுத்தோட முதல் தட்டுல, வந்து விழுந்த நொடியில ஐயா கை 'டப்'புன்னு தொடையில விழுந்துச்சு, அதே நொடியில பேரனோட தலையும் ஒரு தடவ கீழ போயி வந்துச்சு. அந்தப் பையனுக்கு ஆதி தாளம்னா என்னன்னே தெரியாது! அவனுக்கு எப்படி அந்த இடம் தெரிஞ்சுது?

காத்து அதிருது, செவிப்பறை அதிருது, உள்ள நத்தை ஓடு மாதிரி இருக்கற காக்ளியாவுல மயிரிழை செல்லுங்க அத மின்சாரமா மாத்தி மூளைக்கு அனுப்புது, இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சு. கதை இருக்கறது அதுக்கப்புறம். மூளை வர்ற சத்தத்த சும்மா வாங்கி வச்சுக்கறதில்ல, அடுத்து என்ன வரும், எப்ப வரும்னு முன்கூட்டியே கணிச்சுக்கிட்டே இருக்கு. ஆடாம அசையாம உக்காந்து கேட்டாக்கூட தாளம் வந்தா மூளையில கை கால அசைக்கற பகுதிங்க வேலை செய்யறது ஸ்கேன்ல தெரியுது.

இப்ப அந்தத் தீர்மானத்துக்கு வரேன், எனக்கு இதுதான் உசுரு. ஆதி தாளத்துல 8 எண்ணிக்கை, ஒவ்வொண்ணையும் நாலா வெட்டினா 32 அணு. "த திங் கி ண தொம்", இந்தத் தவில் சொல்லு 5 அணு. மூணு தடவ வாசிச்சா 15. முடிஞ்ச கையோட அடுத்த சுத்தோட சமம் வரணும்னா 17 அணு போனப்புறம், 18வதுல எடுக்கணும். தாளம் போட்டுப் பாருங்க: முதல் "த" அஞ்சாவது எண்ணிக்கைத் தட்டு விழுந்து கால் தள்ளி வருது. ரெண்டாவது "த" ஆறாவதுலேர்ந்து அரை தள்ளி வருது. மூணாவது ஏழாவதுலேர்ந்து முக்கால் தள்ளி. கால், அரை, முக்கால்... அடுத்தது முழுசு, அதுதான் சமம்! தாளம் நாலு நாலா நடக்குது, சொல்லு அஞ்சஞ்சா நடக்குது, ரெண்டும் விலகி விலகிப் போயி பிரிஞ்சே போச்சுன்னு நினைக்கறப்ப ஒரே புள்ளியில வந்து சேருது. முதல் தடவ கேக்கறப்ப மூளைக்கு ஒண்ணும் புரியாது, ரெண்டாவதுல "ஓ இது திரும்ப வருது"ன்னு பிடிச்சுக்கும், மூணாவதுல எங்க முடியும்னு கணக்கு போட்டு ஏங்கி நிக்கும். பேரனோட மூளை போட்ட கணக்கு அதுதான், அவன் போட்டான்னு அவனுக்கே தெரியாது.

அந்த ஏக்கத்துக்கு ரசாயனம் இருக்கு. கனடாவுல மான்ட்ரியல்ல 2011ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு, ஆளுங்கள அவங்களுக்குப் புல்லரிக்கற பாட்டையே எடுத்துட்டு வரச்சொல்லி கேக்க வச்சு மூளைய ஸ்கேன் பண்ணாங்க. புல்லரிக்கற நொடியில டோபமின்ங்கற மூளை ரசாயனம் சுரக்குது, சரி, ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, "இதோ வரப்போகுது"ன்னு காத்திருக்கறப்பவே மூளையில வேற ஒரு இடத்துல டோபமின் சுரக்க ஆரம்பிச்சிடுது. ஆக சமத்துல விழறது மட்டும் சுகமில்ல, விழப்போகுதுன்னு காத்திருக்கறதும் சுகம்.

பேரன் கேக்கற பாட்டுல டிராப்புன்னு ஒண்ணு வரும். பீட்டு வேகமாகிக்கிட்டே போயி சட்டுனு நிக்கும், ஒரு நொடி அமைதி, அப்புறம் பேஸ் மொத்தமா இறங்கும். தவில்காரர் பண்ணதும் அந்த வேலைதான்: காக்க வைக்கறது, சரியான நேரத்துல குடுக்கறது.

அப்புறம் ஏன் சண்டை? கணிக்கணும்னா பழகியிருக்கணும். 2019ல 745 அமெரிக்கப் பாட்டுலேர்ந்து எடுத்த கார்டு (chord, ஒண்ணா சேந்து ஒலிக்கற ஸ்வரங்க) வரிசைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அடுத்து இதுதான்னு உறுதியா நம்பிக்கிட்டு இருக்கறப்ப வேற வந்தா சுகம், என்ன வரும்னே தெரியாம திணறிக்கிட்டு இருக்கறப்ப எதிர்பாத்த மாதிரி வந்தா சுகம்னு அதுல வந்துச்சு. பழக்கமே இல்லாத இசையில எல்லாமே திணறல்தான், அதனால இரைச்சலா கேக்குது. ரொம்பப் பழகிட்டா அடுத்தது எல்லாமே தெரியும், அதனால தூக்கம் வருது. பொலிவியாக் காட்டுல இருக்கற சிமானே மக்கள் கிட்ட 2016ல சோதிச்சப்ப, மேல்நாட்டுக் காதுக்கு இனிமையாவும் கரடுமுரடாவும் படற ஸ்வரச் சேர்க்கைங்க ரெண்டையும் அவங்க ஒரே அளவுதான் பிடிச்சிருக்குன்னாங்க, அதாவது இனிமைன்னு நாம சத்தியம் பண்றதுல பாதி பழக்கம்.

அதுக்காக எல்லாப் பாட்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். என் கருத்து, நூறாவது தடவ கேக்கறப்பவும் கணிக்க ஏதாவது மிச்சம் வச்சிருக்கறது நல்ல பாட்டு. மேல தாளம், அடியில சொல்லு, நடுவுல ராகத்தோட ஒரு கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சு வளைக்கறதுன்னு அடுக்கடுக்கா இருந்தா இன்னிக்கு ஒரு அடுக்கு, நாளைக்கு இன்னொரு அடுக்குன்னு காது போய்க்கிட்டே இருக்கும். ஒரே அடுக்குல கட்டினது பத்து நாள்ல தீந்துடும், அது நாயனத்துல வந்தாலும் சரி லேப்டாப்புல வந்தாலும் சரி.

ஒண்ணு சொல்லாம விட முடியல. இன்ன ராகம் பாடினா மழை வரும், 432 ஹெர்ட்ஸ்ல கேட்டா நோய் தீரும்னு வாட்ஸப்புல வர்றத நம்பிக் காசு கட்டற சொந்தக்காரங்கள பாக்கறப்ப வயிறு எரியுது. இசை பண்ற நிஜமான அதிசயம் காதுக்குள்ளயே இருக்கு, அதுக்குப் பொய் ஜோடனை வேண்டாம். அந்தக் காசுல கொஞ்சம் ஆராய்ச்சிக்குப் போகட்டும். மேல நான் சொன்னதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி, வெளிநாட்டுப் பாட்டு. சாமி புறப்பாட்டுக்கு நாயனத்துல வாசிக்கற ஒரு மல்லாரியக் கேக்கறப்ப கோயில் வாசல்ல வளந்த காதுல என்ன நடக்குது, அத இங்க இருக்கற பிள்ளைங்களே அளந்து சொல்லணும், அதுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கணும்.

தேவகோட்டைத் தம்பி, உங்க பாட்டுல டிராப் வர்ற இடத்த ஐயாவுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போட்டுக் காட்டுங்க, அவுக கையப் பாருங்க. அப்புறம் அவுக பக்கத்துல உக்காந்து அஞ்சாவது தட்டு எதுன்னு கேட்டுக்கிட்டு, அது விழுந்து கால் தள்ளி "த திங் கி ண தொம்" மூணு தடவ சொல்லிப் பாருங்க. முதல் ரெண்டு மூணு சுத்து தப்பும், பரவால்ல.