பனிப்புயலில் மாடு இறந்தால்: அமெரிக்கக் கால்நடை இழப்பீட்டுத் திட்டம்

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள் பெரும்பாலும் குளிர்காலம் முழுக்கத் திறந்த வெளியிலேயே நிற்கின்றன. கடும் வானிலையில் அவை இறந்தால் சந்தை மதிப்பில் 75 விழுக்காட்டை அந்நாட்டு வேளாண் துறை இழப்பீடாகத் தருகிறது. பசு, காளை, கன்று என வகைவாரியாகத் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் தொகையை அறிவிப்பார்கள். கன்றுகளுக்கு எடையும் கணக்கு.

2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தபோது இந்தத் திட்டம் காலாவதியாகிக் கிடந்தது. 2014 வேளாண் சட்டம்தான் அதை மீட்டது. 2011 அக்டோபர் முதலான இழப்புகளுக்கும் பணம் கிடைத்தது. அதனால் எந்த ஆண்டிலும் சாவுக் கணக்கை எழுதி வைப்பதே நல்லது.

எல்லாக் குளிரும் கணக்கில் வராது. மணிக்கு 35 மைலுக்கு மேல் காற்றும், கால் மைல்கூடக் கண்ணுக்குத் தெரியாத பனியும் நீடித்தால் பனிப்புயல். அந்த அளவை எட்டாத குளிர்காலப் புயல் தொடர்ந்து 3 நாளாவது அடித்திருக்க வேண்டும். பலத்த காற்றும் கடுங்குளிரும் மூன்று நாளும் இருந்திருக்க வேண்டும். புயல் ஓய்ந்து 60 நாளுக்குள் இறந்த மாடுகளும் சேரும். காயம்பட்டு, 30 நாளுக்குள் குறைந்த விலைக்கு விற்றவையும் சேரும்.

பலர் ஏமாறும் இடம் 'வழக்கமான இறப்பு' என்ற கழிவு. புயல் இல்லாவிட்டாலும் மந்தையில் சில மாடுகள் இறக்கும் என்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் இறப்பு விகிதம் வைத்திருக்கிறார்கள். அது 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 200 பசுக்களில் 15 இறந்தால் 3 போக 12க்குத்தான் பணம். ஆக, புயலுக்கு முன் மந்தையில் எத்தனை தலை இருந்தன என்பதைக் காட்ட முடியாவிட்டால் கணக்கே தொடங்காது. வங்கிக் கடனுக்குக் கொடுத்த இருப்புப் பட்டியல், தடுப்பூசிப் பதிவு, வாங்கி விற்ற ரசீது எல்லாம் உதவும். இறந்த மாடுகளைப் புதைக்கும் முன் தேதி தெரியும்படி, காதுப் பட்டையோடு படம் எடுங்கள். கால்நடை மருத்துவரின் சான்று இருந்தால் இன்னும் வலு.

மனு மாவட்ட வேளாண் சேவை அலுவலகத்துக்குப் போக வேண்டும். கடைசி நாள், இழப்பு நேர்ந்த ஆண்டுக்கு அடுத்த மார்ச் 1. ஆனாலும் புயல் முடிந்த வாரமே தெரிவித்துவிடுங்கள். பனி உருகியபின் சாட்சியும் கரைந்துவிடும்.

சாவுக்குக் காரணம் வானிலையாக இருக்க வேண்டும், பட்டினியாக அல்ல. எனவே தீவனக் கணக்கும் சான்றுதான். ரோமம் அடர்ந்து உலர்ந்திருக்கும் பசு, காற்றோடு சேர்ந்த குளிர் 18 டிகிரி பாரன்ஹீட் வரை தாங்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1 விழுக்காடு கூடுதல் ஆற்றல் தேவை. 1,200 பவுண்டு பசு நாளுக்கு 25 பவுண்டு உலர்புல் தின்கிறது என்றால், குளிர் பூஜ்யத்துக்கு இறங்கும்போது இன்னும் 4, 5 பவுண்டு வேண்டும். இதைப் புல்லாகவே கூட்டுங்கள். திடீரென்று தானியத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறும்.

ரோமம் நனைந்துவிட்டாலோ அந்த எல்லை 60 டிகிரிக்கு அருகே ஏறிவிடுகிறது. எவ்வளவு தின்றாலும் ஈடுகட்ட முடியாது. 2013இல் நடந்தது இதுதான்: குளிர்கால ரோமம் வளராத மாடுகள், கோடை மேய்ச்சல் நிலத்தில் ஒதுங்க இடமின்றி, முதலில் மழையில் நனைந்தன, பனி அதன் பிறகுதான் வந்தது.