ஒரே மேட்டுத் திராட்சை

அடிலெய்டில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன முறை ஊருக்கு வந்தபோது என் தாய்மாமனுக்கென்று ஒரு சிவப்பு வைன் போத்தல் கொண்டுவந்தான். அதைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு நான் மறந்துபோனேன். சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்னால் நிழலே இல்லாத இடத்தில் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கார் வெயிலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் தக்கை கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. போத்தல் கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு சிவப்புக் கோடு.

மாமா பால்மரத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஒரே தோட்டத்துப் பழமாம். அதுல என்னடா பெருமை? நாப்பது வருசம் நானும் ஒரே தோட்டத்துலதான் இருந்தேன்."

நியாயமான கேள்விதான். பதிலும் அவர் தொழிலிலேயே இருக்கிறது. காலையில் ஆளுக்கொரு நிரை சீவுவார்கள். ஆனால் வாளிகள் எடைக் கொட்டகைக்கு வந்ததும் எல்லாப் பாலும் ஒரே தொட்டிக்குள் போய்விடும். மேட்டு மரத்துப் பால் எது, ஆற்றோரத்துப் பால் எது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. உலகில் விற்கும் வைனில் பெரும்பகுதியும் இப்படிக் கலந்ததுதான். ஒரு பக்கம் மழை கெடுத்தால் இன்னொரு பக்கத்துப் பழத்தைச் சேர்த்துச் சரிக்கட்டிவிடலாம். ஒரே தோட்டத்து வைனுக்கு அந்த வசதி கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கி குடும்பம் 1958 முதல் 'ஹில் ஆஃப் கிரேஸ்' என்ற வைனைச் செய்துவருகிறது. எதிரே இருக்கும் பழைய லூத்தரன் தேவாலயத்தின் ஜெர்மன் பெயரைத்தான் ஆங்கிலமாக்கி வைத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு விளைச்சல் சரியில்லை என்று அந்த வருடத்துப் போத்தலையே அவர்கள் வெளியிடவில்லை. பிரான்சின் பெயர்பெற்ற ரொமானே கொந்தி திராட்சைத் தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர். நம் ஊர்க் கணக்கில் ஒரு ஆள் சீவும் நிரை, ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தத் துண்டு நிலத்தில் அப்படி என்ன இருக்கிறது? விளம்பரங்களில் "மண்ணின் சுவை" என்று உருகுவார்கள். கல்லும் சுண்ணாம்பும் வேர் வழியே ஏறிப் பழத்தில் ருசியாக இறங்குவதில்லை. மண் வேலை செய்வது பெரும்பாலும் தண்ணீர் மூலமாக. சரிவான, தண்ணீர் தேங்காத நிலத்தில் கொடிக்குக் கொஞ்சம் தாகம் இருந்துகொண்டே இருக்கும். தாகமுள்ள கொடி இலையும் தண்டுமாகக் கொழுக்காது, பழமும் சிறுத்துவிடும். சிறுத்தால் லாபம். 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பழத்தையும் 1 சென்டிமீட்டர் பழத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால், சாற்றின் அளவோடு ஒப்பிடும்போது சின்னப் பழத்துக்குத் தோல் இரண்டு மடங்கு இருக்கும். சிவப்பு வைனின் சங்கதி பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது.

சந்தேகமிருந்தால் பாசார் மாலாமில் கருப்புத் திராட்சை வாங்கி வந்து, ஒன்றை வெள்ளைச் சாசரில் பிதுக்கிப் பாருங்கள். சாறு தண்ணீர் போலத்தான் வரும், கொஞ்சம் பச்சை கலந்திருக்கும். தோலையும் அதிலேயே நசுக்கி அரை மணி நேரம் விட்டால் ஓரத்திலிருந்து ரோஜா நிறம் கசிய ஆரம்பிக்கும். இந்தச் சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். நாசி கெராபுவின் நீலச் சோற்றுக்கு நிறம் கொடுக்கும் சங்குப்பூவிலும் இதே குடும்பத்துச் சாயம்தான் இருக்கிறது. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுகிறதே, அதே கூத்து வைனிலும் உண்டு: புளிப்பில் சிவக்கும், சவர்க்காரம் மாதிரியான காரப்பொருளில் நீலம் பாயும். வைன் சிந்திய சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் கறை சாம்பல் நீலமாவது அதனால்தான்.

ஆகவே சிவப்பு வைன் செய்பவர் சாற்றை மட்டும் வடித்தெடுப்பதில்லை. தோலும் கொட்டையுமாகத் தொட்டியில் போட்டுப் புளிக்க விடுகிறார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. வாயு மேலே வரும்போது தோல்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். மேலே கனமாக ஒரு ஆடை கட்டும். அதை நாளுக்கு இரண்டு மூன்று தடவை உள்ளே அமுக்கிவிட வேண்டும். அமுக்காவிட்டால் சாயமும் இறங்காது, மேலே காய்ந்த தோலில் புளிக்காடிக் கிருமியும் குடியேறிவிடும். நிறம் முதல் சில நாட்களிலேயே இறங்கிவிடும். துவர்ப்பு மெதுவாக, வாரக்கணக்கில் இறங்கும்.

துவர்ப்பு என்ற சொல் நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே கிடைத்திருப்பது ஒரு வசதி. தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய் நாக்கு சுரசுரக்கிறது. பாக்கு மென்றாலும் வாழைப்பூ தின்றாலும் நடப்பது இதுதான். கடுமையான தே ஓ நாக்கைப் பிடிக்கும், தே தாரேக் பிடிக்காது. பாலின் புரதம் டானினை முன்னதாகவே மடக்கிவிடுகிறது. இறைச்சியோடு சிவப்பு வைன் குடிக்கும் வழக்கத்துக்கும் ஓரளவு இதுதான் காரணம்.

இங்கே மாமா குறுக்கிட்டார். "கள்ளும் புளிக்கிறதுதானே? காலையில இறக்குனா சாயங்காலம் காடியாயிடும். இது மட்டும் எப்படி இருபது வருசம் நிக்குது?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கள்ளுக்கடை இனிய ஞாபகம் மட்டுமல்ல. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. ஆனால் வேதியியலாகப் பார்த்தால் கேள்வி அருமையானது, ஏனென்றால் இரண்டிலும் முக்கிய ஆள் ஒரே ஈஸ்ட்தான். தென்னம்பாளையிலிருந்து வடியும் நீரில் புளிப்பு அநேகமாக இல்லை; கலயத்தில் விழும்போதே ஈஸ்ட்டோடு பலவகைப் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். சாராயச்சத்தும் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் ஏறும். பழுத்த வைன் திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 240 கிராம் வரை சர்க்கரை இருக்கும். 17 கிராமுக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் சாராயச்சத்து 14 சதவீதத்தைத் தொடும். பழத்துக்கே உரிய புளிப்பும் டானினும் அதோடு சேர்ந்தால் பெரும்பாலான கிருமிகளால் அங்கே பிழைக்க முடியாது. போதாததற்குக் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடும் சேர்ப்பார்கள். பால் உறையாமலிருக்க வாளியில் அமோனியா ஊற்றியதை மாமாவுக்கு ஞாபகப்படுத்தினேன், தலையாட்டினார்.

பிறகு ஓக் பீப்பாய், வழக்கமாக 225 லிட்டர். மரத்திலிருந்து வெனிலா வாசனை வரும். மரத்தின் வழியே காற்றும் துளித்துளியாக உள்ளே போகும். அந்த உயிர்வாயு டானினையும் சாயத்தையும் ஒன்றோடொன்று கோக்க, நிறம் நிலைத்து, முரட்டுத் துவர்ப்பு தணிகிறது. அளவு மீறினால் எல்லாம் பாழ்.

மாமாவுக்கு மிகவும் பிடித்துப்போனது வேறொன்று. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸரா என்ற பொடிப் பூச்சி பிரான்சின் கொடிகளை வேரிலேயே தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். ரொமானே கொந்தியில் ஒட்டில்லாத பழைய கொடிகளை 1945 வரை இழுத்துப்பிடித்து, பிறகு பிடுங்கி 1947இல் புதிதாக நட்டார்கள்; 1946 முதல் 1951 வரை அங்கே வைனே இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி இன்னும் வரவில்லை. ஹில் ஆஃப் கிரேஸின் மூத்த ஷிராஸ் ரகத் திராட்சைக் கொடிகள், 1860 வாக்கில் நட்டவை, இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பால்மர ரகத்தின் ஒட்டுக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டுக் கணக்கெழுதிய மனிதருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "இருபத்தஞ்சு, முப்பது வருசத்துல நாம பால்மரத்தை வெட்டிடுவோம். அவன் நூத்தறுபது வருசமா வச்சிருக்கானா?" என்றார். வயதான கொடி குறைவாகத்தான் காய்க்கும். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்; ஹில் ஆஃப் கிரேஸ் ஒரு போத்தல் இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியைத் தாண்டிவிடும். அந்த விலையில் பாதி பெயருக்குத்தான் என்பது என் எண்ணம்.

நம் போத்தல் அந்த ரகமில்லை, நல்லவேளை. திறந்து ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். பேரீச்சம்பழத்தை வேகவைத்த பாகு மாதிரி இருந்தது. வைன் 13 டிகிரி போலக் குளுமையில் கிடக்க வேண்டிய பொருள். வெயிலில் நின்ற காருக்குள் 50 டிகிரியை நெருங்கியிருக்கும். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது, ஆறும்போது சுருங்கிக் காற்றை இழுத்துக்கொள்கிறது. மீதியை அத்தை சமையலறை மூலையில் வாய் திறந்தபடியே வைத்திருந்தார். மூன்றாவது வாரம் மேலே மெல்லிய ஏடு கட்டி, மூக்கைத் துளைக்கும் காடி வாசனை வந்தது. வெங்காய அச்சாருக்கு எடுத்துக்கொண்டார்.