எழுபதைத் தாண்டியவருக்குப் புற்றுநோய்: அவரிடம் கேட்டீர்களா?

"அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று, நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகனோ மகளோ மட்டும் ஃபைலோடு உள்ளே வருவது புற்றுநோய் மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் உடம்புக்கு உரியவரை வெளியே வைத்துவிட்டு எடுக்கும் முடிவு, "எவ்வளவு செலவானாலும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்" என்றோ, "இந்த வயதில் இனி எதற்கு?" என்றோ, பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

என்னிடம் வந்த 76 வயது அம்மா ஒருவருக்கு, மார்பில் இருந்த ஒன்றரை சென்டிமீட்டர் கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றியிருந்தார்கள். அக்குளுக்குப் பரவவில்லை, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. அடுத்தது கதிர்வீச்சு: மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பிள்ளைகள் அதற்கு நாளே குறித்து வைத்திருந்தார்கள். அவரை உள்ளே அழைத்து, வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவருக்கு உடம்பு துடைத்து, மதியம் ரசச் சோற்றைக் குழைத்து ஊட்டுவது அவர்தான். வேறு யார் ஊட்டினாலும் அந்த மனிதர் வாயைத் திறப்பதில்லையாம். இந்தக் கவலையை அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இதே போன்ற தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள, 70 வயதும் அதற்கு மேலுமான 636 பெண்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பத்தாண்டுகளில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு அதே பகுதியில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 2 பேருக்கு. உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். "திரும்ப வந்துச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். மறுபடியும் ஆபரேஷன் செய்யலாம் என்றேன். "அப்ப மாத்திரையே போதும்யா" என்றார். ஐந்தாண்டு மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார். இதே கணக்கைக் கேட்டு, நோய் திரும்பும் பயமே வேண்டாம் என்று கதிர்வீச்சைக் கேட்டு வாங்கும் பெண்களும் உண்டு. அவர்கள் முடிவும் சரியானதே.

வயதைக் காரணம் காட்டிச் சிகிச்சையே வேண்டாம் என்பதும் இதே அளவு ஆபத்தானது. குடல் புற்றுநோய்க் கட்டியை அப்படியே விட்டு, பிறகு குடல் அடைத்துக்கொண்டு நள்ளிரவில் அவசர அறுவை சிகிச்சைக்கு வருபவரின் நிலை, முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்துகொண்டவரின் நிலையைவிட மிகவும் மோசம்.

ஆகவே நாங்கள் பிறந்த தேதியைவிட உடம்பின் வலுவையே பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வோம்; கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதே நிறையச் சொல்லிவிடும். விழுந்திருக்கிறாரா, எடை குறைந்திருக்கிறதா, மறதி உண்டா, வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்றும் கேட்போம். முற்றிய புற்றுநோய் உள்ள, 70 வயதும் அதற்கு மேலுமான 718 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இப்படிப் பரிசோதித்த விவரம் மருத்துவரின் கைக்குப் போனபோது, கடுமையான பக்கவிளைவுகளுக்கு ஆளானவர்கள் 71 சதவீதத்திலிருந்து 51 ஆகக் குறைந்தார்கள். பலருக்கு முதல் சுற்றுச் சிகிச்சையிலேயே புற்றுநோய் மருந்தின் வீரியம் குறைக்கப்பட்டிருந்தும், அதனால் ஆயுள் குறையவில்லை.

வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை (palliative care) என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பங்கள் கலங்குகின்றன. 2010இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இது வீட்டுக்கே வருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

அந்த அம்மா இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். அவருக்கு எப்போதும் முதல் டோக்கன் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மதியச் சோற்றுக்கு முன் அவர் வீடு திரும்ப வேண்டும்.